52,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கு, ஆயில் மூடிக்குள்ள கருப்பு அல்வா – டீசல் ஊத்தி அலசலாமா?

மடிப்பாக்கத்தான் – சனி, இரவு 9.40

வணக்கம். வண்டி அப்பாவோடது. 2013 மாடல், 1.2 லிட்டர் பெட்ரோல் ஹேட்ச்பேக். கம்பெனி பேரு வேண்டாம், சண்டை திசை மாறிடும். அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் ஆனதால மூணு மாசமா நான்தான் ஓட்டறேன்.

போன வாரம் வேளச்சேரி சிக்னல்ல நிக்கும்போது அந்த அலாவுதீன் விளக்கு மாதிரி இருக்கிற சிவப்பு ஆயில் லைட் ரெண்டு தடவை மின்னிச்சு. ஆக்சிலரேட்டரை லேசா தொட்டதும் அணைஞ்சிடுச்சு. வீட்டுக்கு வந்து டிப் ஸ்டிக் பார்த்தேன், அளவு சரியாத்தான் இருக்கு. மூடியைத் திறந்தா உள்பக்கம் கருப்பா தடிச்சிருக்கு. விரலால வழிச்சா கருகின அல்வா மாதிரி ஒட்டுது. போன் டார்ச் அடிச்சுப் பார்த்தேன், உள்ள வால்வைத் திறந்து மூடற கேம் ஷாஃப்ட் பக்கமெல்லாம் அதே பூச்சு.

தெரு முனை மெக்கானிக் "ரெண்டு லிட்டர் டீசல் ஊத்தி பத்து நிமிஷம் ஐடில்ல விட்டு இறக்கிடலாம், கண்ணாடி மாதிரி ஆயிடும், 1,500 குடுங்க"ங்கறார். பெரிய சர்வீஸ் சென்டர் ஒண்ணுல, இன்ஜினையே இறக்கணும், 85,000-ல இருந்து ஆரம்பிக்கும்னுட்டாங்க. 1,500-க்கும் 85,000-க்கும் நடுவுல ஏதாவது இருக்கா?

ஒண்ணு மட்டும் சொல்லிடறேன். அப்பா சர்வீஸ் தவறவிட்ட ஆளே இல்ல. 10,000-க்கு ஒரு தடவை டாண்ணு விட்டுடுவார். வண்டியும் ஓடவே இல்ல. அப்புறம் எப்படி இது?

அம்பாசிடர்_காலம் – சனி, இரவு 10.05

தம்பி, பயப்பட ஒண்ணுமில்ல. மதுரையில நாங்க முப்பது வருசமா டீசல் ஊத்தித்தான் அலசுறோம். பாதி பழைய ஆயில், பாதி டீசல், பத்து நிமிசம். இறக்கும்போது தார் மாதிரி வரும். எங்க வண்டி எதுவும் ரோட்டுல நின்னதில்ல. 85,000 சொன்னவன் பக்கம் திரும்பிக்கூடப் பாக்காதீக.

கிரீஸ்கை – சனி, இரவு 11.20

ஏனுங்க மடிப்பாக்கத்தாரே, முதல்ல வண்டியை ஸ்டார்ட் பண்றதை நிறுத்துங்க. லைட்டு மின்னுச்சுன்னா அது "ஆயில் மாத்துங்க"ன்னு சொல்ற லைட்டு இல்லைங்க. பிரஷர் பத்தலைன்னு சொல்ற லைட்டு. அந்த சுவிட்ச் பெரும்பாலான வண்டியில 0.3 பார் பக்கத்துல வந்தாத்தான் எரியும். அதாவது, எரியறப்பவே விஷயம் கைமீறிப் போய்ட்டிருக்குதுன்னு அர்த்தம்.

கோயமுத்தூர்ல பட்டறை வச்சிருக்கேன், 22 வருஷம் ஆச்சு. அம்பாசிடர் அண்ணன் சொல்றது பொய் இல்லீங்க. அந்தக் காலத்து இன்ஜின்ல கிளியரன்ஸ், அதாவது பாகங்களுக்கு நடுவுல இடைவெளி, தாராளமா இருந்துச்சு. இப்ப வர்ற இன்ஜின்ல ஆயில் போற ஓட்டையெல்லாம் குண்டூசி கனம். வால்வு டைமிங்கை மாத்தற சோலனாய்டுல ஒரு ஜல்லடை இருக்கும், பாத்தீங்கன்னா கொசுவலை தோத்துரும்.

டீசல் ஊத்துனா என்ன ஆகும்? சேறு கரையாதுங்க, உரியும். சுண்ணாம்பு உரியற மாதிரி பத்தை பத்தையா சேம்பருக்கு, அதாவது இன்ஜினுக்கு அடியில ஆயில் தேங்கற தொட்டிக்கு, வரும். சேம்பர்ல பம்ப்புக்கு வாய் மாதிரி ஒரு ஸ்ட்ரெயினர் இருக்குது. இதைக் கவனிங்க, ஸ்ட்ரெயினர் இருக்கறது பம்ப்புக்கு முன்னாடி. ஆயில் ஃபில்டர் பம்ப்புக்குப் பின்னாடி. ஃபில்டர் அடைச்சாக்கூட உள்ள ஒரு பைபாஸ் வால்வு திறந்து, அழுக்கோ என்னமோ, ஆயிலாவது போகும். ஸ்ட்ரெயினர் அடைச்சா மாத்து வழியே இல்லை. பம்ப்பு வெறும் காத்தைத்தான் உறிஞ்சும். பேரிங் போச்சு, அப்புறம் அந்த 85,000 நிஜமாவே செலவாகும்.

உங்களுக்கு லைட்டு ஏற்கனவே மின்னுது. எனக்கென்னமோ ஸ்ட்ரெயினர் பாதிக்கு மேல அடைச்சிருக்கும்னு படுது. இந்த நிலைமையில டீசல் ஊத்தறது மூக்கடைப்புக்காரன் வாயையும் பொத்தற மாதிரி.

அம்பாசிடர்_காலம் – ஞாயிறு, காலை 6.15

கடையில இன்ஜின் ஃப்ளஷ்னு 300 மில்லி டப்பா விக்கிறாகளே, அது மட்டும் என்னவாம்? அதுலயும் பத்து நிமிசம் ஐடில்னுதான போட்டிருக்கு. டப்பாவுல அடைச்சா மருந்து, கேன்ல வந்தா விஷமா?

கிரீஸ்கை – ஞாயிறு, காலை 7.00

அண்ணே, கேள்வி நியாயம்தானுங்க. ரெண்டும் வேறதான். 300 மில்லிய மூணு லிட்டர் ஆயில்ல கலக்கறப்ப ஆயிலோட கெட்டித்தனம் கொஞ்சம்தான் குறையும். ரெண்டு லிட்டர் டீசல்னா பேரிங்ல படலமே நிக்காது. ஆனா இந்த வண்டிக்கு டப்பாவும் வேண்டாம்ங்கறேன். லேசா பழுப்புப் படிஞ்ச வண்டிக்கு அது சரி. விரல்ல வழிச்செடுக்கற அளவுக்குச் சேறு இருந்தா சேம்பரைக் கழட்டிக் கண்ணால பாக்கணும். நாலஞ்சு மணி நேர வேலை.

எண்ணெய்ச்செட்டி – ஞாயிறு, காலை 9.30

மசகு எண்ணெய் ஆய்வகத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவன். மடிப்பாக்கத்தாரிடம் ஒரே ஒரு கேள்வி. 10,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை என்கிறீர்கள். அந்த ஒவ்வொரு 10,000-க்கும் எத்தனை மாதம் ஆனது? தினசரி ஓட்டம் எவ்வளவு தூரம்?

மடிப்பாக்கத்தான் – ஞாயிறு, பகல் 1.10

சார், உங்க கேள்வியைப் பார்த்துட்டு அப்பாவோட நோட்டை எடுத்தேன். பழைய எல்.ஐ.சி. டைரி. பெட்ரோல் போட்டது, காத்து அடிச்சது, எல்லாம் பச்சை இங்க்ல எழுதி வச்சிருக்கார். முதல் ரெண்டு இலவச சர்வீஸை விட்டுட்டு ஆயில் மாத்தினதை மட்டும் போடறேன்.

10,012 – ஜூன் 2015. 20,040 – செப்டம்பர் 2017. 30,005 – டிசம்பர் 2019. 40,020 – ஏப்ரல் 2023. 50,010 – ஜனவரி 2025. வண்டி வாங்கினது மார்ச் 2013.

கிலோமீட்டருக்குக் கீழ ஸ்கேல் வச்சு ரெண்டு கோடு போட்டிருக்கார். தேதியை யாரும் கவனிக்கல, நானும்தான். கோவிட்ல வண்டி ஷெட்டுலயே நின்னுது. வாரம் ஒரு தடவை அஞ்சு நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி அணைப்பார், "பேட்டரி இறங்கக் கூடாது"ன்னு.

தினசரி ஓட்டம்னா காலைல நங்கநல்லூர் ஆஞ்சநேயர் கோவில், வழியில காய்கறி, திரும்ப வீடு. ஒரு பக்கம் மூணு கிலோமீட்டர் இருக்கும்.

கையேட்டை எடுத்துப் பார்த்தேன். "10,000 கிலோமீட்டர் அல்லது 12 மாதம், எது முந்தியோ"ன்னு இருக்கு. அப்பாகிட்ட காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துட்டு, "ஓடாத வண்டிக்கு ஆயில் எப்படிடா கெடும்?"னார். எனக்குப் பதில் தெரியல.

எண்ணெய்ச்செட்டி – ஞாயிறு, மாலை 4.45

உங்கள் அப்பாவின் கேள்விக்குப் பதில் பெட்ரோலில் இருக்கிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. வாய் தவறிச் சொல்லவில்லை, ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்தால் வேறென்ன வரும்? அதில் பெரும்பகுதி ஆவியாகச் சைலன்சர் வழியே போய்விடும். கொஞ்சம் பிஸ்டன் ரிங் இடுக்கு வழியே கீழே கசிந்து சேம்பருக்கு வரும். அதோடு சரியாக எரியாத பெட்ரோல், நைட்ரஜன் ஆக்சைடுகள், கரி.

நெடுஞ்சாலையில் அரை மணி நேரம் ஓடும் வண்டியில் ஆயில் நன்றாகச் சூடாகி இந்தத் தண்ணீரையும் பெட்ரோலையும் ஆவியாக்கிவிடும். பிசிவி வால்வு அந்த ஆவியை இன்டேக் பக்கம், அதாவது இன்ஜின் காற்றை உள்ளிழுக்கும் பக்கம், இழுத்து மறுபடி எரித்துவிடும். மூன்று கிலோமீட்டர் ஓட்டத்தில் அது நடப்பதில்லை. டேஷ்போர்டில் காட்டுவது கூலன்ட், அதாவது இன்ஜினைக் குளிர்விக்கும் நீரின் சூடு. ஆயில் சூடாக அதைவிட வெகுநேரம் பிடிக்கும். உங்கள் அப்பா கோவில் வாசலில் வண்டியை அணைக்கும்போது ஆயில் வெதுவெதுப்பாகத்தான் இருந்திருக்கும். தண்ணீர் உள்ளேயே நின்று, அமிலத்தோடும் கரியோடும் சேர்ந்து, ஆயிலைப் பிசினாக்கும். ஷெட்டில் அஞ்சு நிமிஷம் ஸ்டார்ட் செய்து அணைத்ததில் பேட்டரிக்கும் பெரிய நன்மையில்லை, ஆயிலுக்கு ஒவ்வொரு தடவையும் ஒரு டம்ளர் தீங்கு.

ஆயிலில் இந்த அழுக்கை உதிரியாக மிதக்க வைக்க டிஸ்பர்சன்ட், அமிலத்தை முறிக்க கால்சியம், மக்னீசியம் கலந்த டிடர்ஜென்ட் எல்லாம் உண்டு. ஆனால் அவை தீர்ந்துபோகும் சரக்கு. மூன்றேகால் வருடம் ஒரே ஆயில் கிடந்தால் அவற்றில் என்ன மிஞ்சும்?

இது ஓட்டுபவரின் தவறு மட்டும்தான் என்றும் சொல்ல மாட்டேன். அமெரிக்காவில் 1997 முதல் 2002 வரை விற்ற டொயோட்டாவின் 3.0 லிட்டர் வி6, 2.2 லிட்டர் நாலு சிலிண்டர் இன்ஜின்களில் இதே தொல்லை வந்தது. கம்பெனி அதற்கு 'ஆயில் ஜெலேஷன்' என்று பதவிசாகப் பேர் வைத்து, உரிமையாளர்கள் ஆயில் மாற்றவில்லை என்றது. ரசீதோடு வந்தவர்களும் இருந்தார்கள். கடைசியில் 2002-ல் எட்டு வருடத்துக்கு, கிலோமீட்டர் கணக்கில்லாமல், பழுதுபார்த்துத் தருவதாக அறிவிக்க வேண்டியதாயிற்று. சுமார் 33 லட்சம் வண்டிகள். நன்றாக ஆயில் மாற்றியவருக்கும் சேறு வரலாம் என்பதற்காகச் சொன்னேன். உங்கள் வழக்கில் டைரியே சாட்சி.

ஸ்காபரோ_தம்பி – ஞாயிறு, இரவு 8.30

அண்ணை, செட்டி ஐயா சொல்லுறது உண்மை. நான் இருக்கிறது கனடாவில. தை மாசம் இஞ்ச மைனஸ் இருபது வரும். எனக்கு வேலை இடம் ஐஞ்சு நிமிசத் தூரம். ஒருநாள் ஒயில் மூடியைத் திறந்தா உள்ளுக்கை வெள்ளையா, மயோனெஸ் அப்பினமாதிரி. ஹெட் கேஸ்கட் பழுதாகி கூலன்ட் ஒயிலுக்கை கலந்திட்டுதெண்டு பயந்து கராஜுக்கு ஓடினன். அந்த மனிசன் கூலன்ட் குறைஞ்சிருக்கோ எண்டு பாத்தார், குறையேல்லை. "401 ஹைவேயில ஏறி அரை மணித்தியாலம் ஓடிப்போட்டு வா" எண்டார். ஓடிப்போட்டு வந்து பாத்தா முக்காவாசி காணேல்லை. வெறும் தண்ணி.

உங்கட கறுப்பு. அது ஓடினாப் போகாது. ஆனா வெள்ளையாயிருந்து கூலன்டும் குறைஞ்சா ஓடிப் பாக்கிற வேலையே வைக்கக் கூடாது.

பிஎஸ்6_பாவம் – ஞாயிறு, இரவு 9.15

நடுவுல ஒரு சந்தேகம். என் டீசல் வண்டியில ஆயில் மாத்தி 500 கிலோமீட்டர்லயே கருப்பாயிடுது. அதுவும் இந்தச் சேறு, அதான் ஸ்லட்ஜா?

எண்ணெய்ச்செட்டி – ஞாயிறு, இரவு 9.40

இல்லை. டீசலில் கரி அதிகம், அதை ஆயில் ஏந்திக்கொண்டிருக்கிறது. கருத்தாலும் தண்ணியாக ஓடினால் வேலை செய்கிறது என்று பொருள். ரொம்ப நாள் பளிச்சென்று இருக்கும் ஆயிலைத்தான் நான் சந்தேகிப்பேன்.

மடிப்பாக்கத்தான் – வியாழன், இரவு 10.50

வேலை முடிஞ்சுது. விவரமா எழுதறேன், யாருக்காவது உதவும்.

வண்டியை ஸ்டார்ட் பண்ணாம கட்டி இழுத்துக்கிட்டு போனோம். ஆஃபீஸ் நண்பர் சொன்ன ஒரு சின்னப் பட்டறை. முதல்ல அந்தப் பட்டறை மெக்கானிக் செஞ்சது எனக்குப் பிடிச்சிருந்தது. ஆயில் பிரஷர் சுவிட்சைக் கழட்டிட்டு அந்த இடத்துல ஒரு முள் மீட்டரைத் திருகினார். வண்டியைச் சூடாக்கினதும் ஐடில்ல முள்ளு 0.3-ல ஆடுது. "இதுக்கு மேல ஓட வேணாம்"னு உடனே அணைச்சார்.

சேம்பரை இறக்கினாங்க. அடியில ஒரு விரற்கடை உயரத்துக்குக் கருப்புப் படிவம். கரண்டி வச்சு வழிச்சா வழிச்ச இடத்துல பாத்தி மாதிரி நிக்குது, ஒழுகல. அப்புறம் ஸ்ட்ரெயினர். ஜல்லடை முக்கால்வாசி மூடியிருக்கு. கரண்டி நுனியால கிளறினப்போ நடுவுல நீலமா ஏதோ நெளிஞ்சு வந்தது. மண்புழுன்னே நினைச்சுட்டேன். எடுத்து இழுத்தா ரப்பர் மாதிரி நீளுது. சிலிகான் பேஸ்ட்!

வீட்டுக்கு வந்து டைரியைப் புரட்டினேன். "ஆகஸ்ட் 2019, சேம்பர் லீக், பேஸ்ட் போட்டு அடைத்தது, ரூ. 650." அப்போ எங்கயோ போட்டவங்க ஓரமெல்லாம் வழிய வழியப் பேஸ்ட்டை அப்பி இறுக்கியிருக்காங்க. வெளியில பிதுங்கினது கண்ணுக்குத் தெரிஞ்சுது, துடைச்சிட்டாங்க. உள்ள பிதுங்கினது ஆறு வருஷம் கழிச்சு பிஞ்சு வந்திருக்கு. டீசல் ஊத்தியிருந்தா இந்தப் புழுவும் கரைஞ்சிருக்காது.

டேப்பெட் கவரையும், அதாவது இன்ஜினோட மேல் மூடியையும், கழட்டினாங்க. அதுக்குள்ள ஆவி போற வழியில ஒரு தகட்டை ரிவெட் அடிச்சு வச்சிருக்கு, கழட்ட முடியாது. மண்ணெண்ணெய்ல ராத்திரி முழுக்க ஊறப்போட்டு, காலைல ஏர் அடிச்சப்போ கட்டி கட்டியா வந்துச்சு. ஹெட் மேல இருந்ததைச் சுரண்டறதுக்கு முன்னாடி ஆயில் கீழ இறங்கற ஓட்டையிலெல்லாம் துணி திணிச்சார். இரும்பு ஸ்கிரேப்பர் எடுக்கல, பழைய ஏ.டி.எம். கார்டு! கேம் ஷாஃப்டோட மேடுங்க (லோப்) மேல கீறல் இல்ல, தேய்மானமும் இல்லன்னார். அங்கதான் எனக்கு மூச்சே வந்தது.

பிசிவி வால்வைக் கையில குலுக்கிக் காட்டினார். நல்லதா இருந்தா உள்ள கடகடன்னு சத்தம் வரணுமாம். இது கல்லு மாதிரி இருந்தது. ஜி.பி. ரோட்டு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில நானே போய்ப் புதுசு வாங்கிட்டு வந்தேன், 380 ரூபா. இந்த வண்டியில அதைத் திறந்து பார்த்ததே கிடையாது. எந்த சர்வீஸ் பில்லுலயும் அந்தப் பேரு இல்ல.

மொத்தம் 7,850. லேபர், ரெண்டு கேஸ்கட், ஸ்ட்ரெயினர் ஓ-ரிங், ஃபில்டர், 5டபிள்யூ-30 ஆயில், எல்லாம் சேர்த்து. இப்போ சூட்டுல, ஐடில்ல, முள்ளு 1.1.

கிரீஸ்கை – வெள்ளி, காலை 6.40

நல்ல கைங்க அந்தாளு. ஏ.டி.எம். கார்டுன்னதுமே தெரிஞ்சு போச்சு. ஆனா வேலை முடியலைங்க. கேலரிக்குள்ள, அதாவது ஆயில் ஓடற வழிக்குள்ள, டைமிங் செயினை இறுக்கிப் பிடிக்கற டென்ஷனர் பக்கம், கை போகாத இடத்துலயெல்லாம் இன்னும் சேறு இருக்கும். இந்த ஆயிலை 1,000-லயே இறக்குங்க, ஃபில்டரோட. அடுத்ததை 1,500-ல. மூணாவதை 3,000-ல. விலை ஜாஸ்தி ஆயில் வேண்டாம், கையேட்டுல சொல்லியிருக்கிற கிரேடுல நல்ல ஆயிலாப் பாத்து ஊத்துனாப் போதும். சீக்கிரம் சீக்கிரம் மாத்தறதுதான் மருந்து. ஒவ்வொரு தடவையும் பழைய ஃபில்டரை அறுத்துப் பேப்பரை விரிச்சுப் பாருங்க. கருப்புத் துணுக்கு குறைஞ்சுட்டே வரணும். மினுமினுப்பா ஏதாச்சும் தெரிஞ்சா போன் பண்ணாம நேர்ல வாங்க.

எண்ணெய்ச்செட்டி – வெள்ளி, காலை 8.10

ஒரு விஷயம் எனக்கு இப்போது பிடிபடுகிறது. ஜனவரியில் ஊற்றியது என்ன ஆயில்?

மடிப்பாக்கத்தான் – வெள்ளி, காலை 8.30

அதுவரைக்கும் சாதா ஆயில். ஜனவரியில முதல் தடவையா ஃபுல்லி சிந்தெடிக், ஏபிஐ எஸ்பி. "வயசான வண்டி, நல்லதா ஊத்துங்க"ன்னு நான்தான் சொன்னேன்.

எண்ணெய்ச்செட்டி – வெள்ளி, காலை 8.50

அப்படித்தான் இருக்க வேண்டும். எஸ்பி என்பது 2020-ல் வந்த தரம், அழுக்கைக் கழுவுவதில் பழைய ஆயிலைவிட வல்லது. நல்ல ஆயில் பழைய சேற்றைத் தளர்த்தியிருக்கும், தளர்ந்தது ஸ்ட்ரெயினருக்குப் போயிருக்கும். நீங்கள் செய்தது தப்பில்லை. அந்த ஆயில் ஊற்றாவிட்டால் லைட் இன்னும் ஒரு வருடம் கழித்து எரிந்திருக்கும், ஒருவேளை பேரிங் போன பிறகு.

அம்பாசிடர்_காலம் – வெள்ளி, பகல் 12.20

அந்த நீலப் புழு விசயத்துல நான் ஒண்ணும் பேச முடியாது. ஒத்துக்கிறேன். ஆனா ஒரு பாயின்ட்டு: கவரை மண்ணெண்ணெய்லதான ஊறப்போட்டிருக்காக? அலசுனது அலசுனதுதான், தம்பி!

கிரீஸ்கை – வெள்ளி, பகல் 12.45

கழட்டி வெளிய வச்சு அலசுனாங்க அண்ணே. பல்செட்டைக் கழட்டி டம்ளர்ல போட்டுக் கழுவறதுக்கும், வாய்க்குள்ளயே பினாயில் ஊத்தறதுக்கும் வித்தியாசம் இருக்குதுங்க.

பிஎஸ்6_பாவம் – வெள்ளி, மதியம் 2.00

இன்னொண்ணு யாரும் சொல்லல. ஆயில் மாத்தினதும் காலி டின்னைப் பட்டறையிலயே விட்டுட்டு வராதீங்க. அப்படியே முழுசா இருக்கிற டின்னுக்குப் பழைய கடையில தனி விலை. அதுல எவனாவது எதையாவது அடைச்சு வித்தா, மேல எஸ்பின்னு எழுதியிருக்கும், உள்ள கடவுளுக்குத்தான் வெளிச்சம். நான் ஸ்க்ரூடிரைவரால ஒரு குத்து குத்திட்டுத்தான் வருவேன்.

மடிப்பாக்கத்தான் – 3 மாதம் கழித்து, ஞாயிறு, இரவு 7.30

கேட்டவங்களுக்காக. 1,000-ல முதல் ஆயிலை இறக்கினோம். தார் மாதிரி கருப்பு, ஆனா நல்லா ஒழுகுது. ஃபில்டரை அறுத்தோம், மடிப்புக்கு மடிப்பு மிளகுத்தூள் தூவின மாதிரி துணுக்கு. மினுமினுப்பு இல்ல. லைட் அதுக்கப்புறம் மின்னவே இல்ல.

மூணு மாசத்துல 1,000 கிலோமீட்டர் எப்படின்னு கேப்பீங்க. அப்பாகிட்ட செட்டி சார் எழுதினதைப் படிச்சுக் காட்டினேன். தண்ணி கணக்கை ரெண்டு தடவை படிக்கச் சொன்னார். அதுலேர்ந்து ஞாயித்துக்கிழமை ஆனா காலைல அஞ்சரைக்கே சட்டையைப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கார். பக்கத்துல இருக்கிற நங்கநல்லூர் ஆஞ்சநேயரை விட்டுட்டு இப்போ தூரத்துல இருக்கிற திருப்போரூர் முருகன். நான் ஓட்டணும், அவர் பக்கத்துல உக்காந்துகிட்டு "ஆயில் சூடாயிருக்குமா?"ன்னு சோழிங்கநல்லூர்லேர்ந்தே கேட்டுக்கிட்டு வருவார். வாரநாள்ல அவரைக் கோவிலுக்கு ஆட்டோவுல அனுப்பறோம்.

டைரியில இன்னிக்குப் பார்த்தேன். "53,360 – ஆயில், ஃபில்டர்." இந்தத் தடவை ஸ்கேல் கோடு தேதிக்குக் கீழ.